மேல்விஷாரம் ஸ்டாப்பில் இறங்கிப்போன மீன்

என் மாமனார் கடலைப் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். உறவுக்காரர் கல்யாணத்துக்காகச் சென்னைக்குப் போனபோது மெரினாவுக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். மணலில் கொஞ்ச தூரம் நடப்பதற்குள் செருப்பு வார் அறுந்துவிட்டது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு, தைக்கிற ஆளைத் தேடி ரோட்டுப் பக்கம் திரும்பியவர் திரும்பியவர்தான். மற்றவர்கள் காலை நனைத்துக்கொண்டு வரும்வரை கடலுக்கு முதுகைக் காட்டியபடியே உட்கார்ந்திருந்தார் என்று அத்தை, அதாவது என் மாமியார், இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் கடலில் என்னென்ன இருக்கிறது என்று அவரைக் கேட்டுப் பாருங்கள். தீவு என்று நினைத்து மாலுமிகள் இறங்கி அடுப்பு மூட்ட, முதுகு சுட்டதும் கண் விழிக்கிற மீன் இருக்கிறது. கிட்டே வரும் கப்பல்களின் ஆணிகளையெல்லாம் உருவி இழுத்துக்கொள்ளும் காந்தமலை இருக்கிறது. யானையைக் கோழிக்குஞ்சு போலக் காலில் இடுக்கிக்கொண்டு பறக்கிற பறவை, இடுப்புவரை பெண்ணாகவும் அதற்குக் கீழே மீனாகவும் இருந்து பாட்டுப் பாடுகிறவள், நடுக்கடலில் முழங்கால் தண்ணீரில் நிற்கிற பூதம் எல்லாம் இருக்கிறது. கத்திரிக்காய் சொத்தையாக இருக்கிறது என்று சொல்கிற அதே குரலில்தான் இதையும் சொல்வார். கதை சொல்கிறோம் என்ற நினைப்பே அவருக்குக் கிடையாது. தகவல் சொல்கிறார்.

அவர் வேலூர் ஆற்காடு ரூட்டில் கண்டக்டராக இருந்தவர். மேல்விஷாரத்தில் தோல் வியாபாரம் செய்த பாய் ஒருவர் தினமும் காலையில் வேலூரில் அதே பஸ்ஸில் ஏறி, அதே முன் சீட்டில் உட்காருவாராம். ஏறியதும் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தாலும் அவரிடம் கடல் கதையை ஆரம்பித்துவிடுவாராம். டிக்கெட் போட்டு முடித்ததும் மாமா அந்தச் சீட்டின் கம்பியில் சாய்ந்து நின்று கேட்பார். ரத்னகிரியில் கூட்டம் ஏறும். மறுபடி டிக்கெட் போடப் போவார். திரும்பி வருவதற்குள் பறவை யானையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கும். எப்படித் தூக்கியது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே மேல்விஷாரம் வந்துவிடும். பாய் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார். மறுநாள் காலையில் வேறு கதை.

அதனால் மாமாவுக்குத் தெரிந்த எந்தக் கதைக்கும் முடிவு கிடையாது. கல்யாணமான புதிதில் அத்தை அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டுக் கேட்டு, ஒரு கட்டத்தில் விட்டுவிட்டாராம். நானும் கேட்டு, நானும் விட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டு மாடி அறையை, வேலூருக்கு வைத்தியத்துக்கு வரும் வெளியூர்க் குடும்பங்களுக்கு விடுகிறோம். பெரும்பாலும் வங்காளத்துக்காரர்கள்தான் வருவார்கள். ஒரு பரிசோதனைக்கும் அடுத்த பரிசோதனைக்கும் நடுவில் நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பதால் அவர்களே சமைத்துக்கொள்வார்கள். மாடிப்படியில் கடுகெண்ணெய் வாசனை நிரந்தரமாகக் குடியிருக்கிறது.

அவர்களோடு பேசுவது என் பொறுப்பு. நான் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனுக்கு சூப்பர்வைசர். கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறேன். என் லைனில் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பெண்கள் நிறையப் பேர். அவர்களிடம் வேலை வாங்கி வாங்கி எனக்கு இந்தி வந்துவிட்டது. எங்கள் தெருவில் இந்தி பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஆனால் அந்த இந்தி மொத்தமும் ஒரு ஷூவுக்குள் அடங்கிவிடும். தோல், நூல், பசை, மேல்பக்கம், உள்பக்கம், சீக்கிரம், பிரித்துத் திரும்பத் தை. இவ்வளவுதான்.

போன மழைக்காலத்துக்கு முன்னால் வயதான தம்பதி ஒன்று மாடிக்கு வந்தது. அந்த அம்மாவுக்கு முழங்கால் பிரச்சினை. கணவர் ஒல்லியாக, உயரமாக, எந்நேரமும் பனியனோடு இருப்பார். அவரை நான் தாதா என்று கூப்பிட்டேன். மாமா என்னைத் தனியாக அழைத்து, அந்த ஆள் ரவுடியா என்று தணிந்த குரலில் விசாரித்தார். அவர்கள் பாஷையில் அண்ணனைத்தான் அப்படிச் சொல்வார்கள் என்று விளக்கினேன். மாமாவுக்கு மனம் ஒப்பவில்லை. பின்னால் ஒரு சார் சேர்த்து, தாதா சார் என்று கூப்பிட ஆரம்பித்தார். அதைக் கேட்கும்போது இன்னும் பெரிய ரவுடி போல இருந்தது.

வந்த ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே, என்ன வேலை பார்த்தீர்கள் என்று தாதாவிடம் கேட்டேன். ஜஹாஸ் என்றார். தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மாமா, அப்படி என்றால் என்ன என்றார். கப்பல் என்றேன்.

மாமா தொட்டி மூடியைக் கீழே வைத்தார். வேட்டியை இறக்கிவிட்டார்.

"கேளும்மா, அந்த மீனப் பாத்திருக்கிறாரான்னு கேளு" என்றார்.

தீவு என்பதற்கு எனக்கு இந்தி தெரியாது. மிகப் பெரிய மீன், மேலே ஆட்கள், ஆட்கள் அடுப்பு வைத்துச் சமைக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தபடி சொன்னேன். தாதா முகம் மாறிவிட்டது. கையைக் கூப்பினார். இனிமேல் மீன் சமைத்தால் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறோம், வாசனை கீழே வராது, கோபித்துக்கொள்ள வேண்டாம் என்றார்.

மாமா ஆவலாக என் முகத்தைப் பார்த்தார். மன்னிப்பு கேட்கிறார் என்றேன். சரி, அந்தப் பாட்டுப் பாடுகிறவளைக் கேள் என்றார் மாமா. பாதிப் பெண், பாதி மீன் என்று சொல்லிக் கையால் இடுப்பைக் குறுக்கே வெட்டிக் காட்டினேன். தாதாவுக்கு உடனே புரிந்துவிட்டது. அச்சா, அச்சா என்று தலையாட்டினார். அவருக்குத் தெரிந்திருக்கிறது பார் என்று மாமா என் தோளைத் தட்டினார்.

மறுநாள் காலையில் தாதாவின் மனைவி, காலைத் தாங்கித் தாங்கிப் படியிறங்கி வந்து, ஒரு தட்டில் பாதி மீனை அத்தையிடம் கொடுத்தார். தலையிலிருந்து நடுவாந்திரம்வரை கழுவிச் சுத்தம் செய்த மீன். வீட்டுப் பெண்களுக்குப் பாதி மீன் வேண்டும் என்று கேட்டோமாம். அத்தை தட்டை வாங்கிக்கொண்டு என்னிடம் விவரம் கேட்டார். சொன்னேன். அவர் மாமா பக்கம் திரும்பினார்.

"மீன் பாதி வந்துடுச்சி. பொம்பள பாதி எப்போ வருதாம்?"

மாமா பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அன்றைக்குக் கம்பெனியில் ஜார்க்கண்டுப் பெண் ஒருத்தியிடம் தீவு, மலை, காந்தம், இறக்கை என்று வார்த்தை வார்த்தையாகக் கேட்டுக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன். புது மாடலா மேடம் என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

சாயங்காலம் மொட்டை மாடியில் ஐந்து நாற்காலி போட்டு எல்லோரும் உட்கார்ந்தோம். இந்தத் தடவை ஒழுங்காகக் கேட்டேன். தாதாவுக்கும் ஒழுங்காகப் புரிந்தது. அவர் சொன்ன பதிலும் எனக்கு ஒழுங்காகப் புரிந்ததுதான் சங்கடம். அவர் பாதி ஆயுசைக் கப்பலில் கழித்தவர்தான். ஆனால் எஞ்சின் ரூமில். எண்ணெய் போடுவது, துடைப்பது, வால்வைத் திருப்புவது அவர் வேலை. எஞ்சின் ரூமுக்கு ஜன்னல் கிடையாது. வேலை முடிந்து மேலே வந்தால் தூக்கம்தான் வரும். மீனையும் பார்த்ததில்லை, மலையையும் பார்த்ததில்லை.

மாமா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, கடல் எப்படித்தான் இருக்கும், அதையாவது கேள் என்றார். கேட்டேன். தாதா நன்றாக யோசித்தார். அவர் நெற்றியிலேகூட வியர்த்தது போல எனக்குத் தோன்றியது.

"கரம்" என்றார்.

"இன்னா சொல்றாரு?"

"சூடா இருக்குமாம், மாமா."

மாமா அதை நம்பவில்லை. இறங்கும்போது படியில் நின்று, இதெல்லாம் வெளியில் சொல்லக் கூடாது என்று கப்பல்காரர்களிடம் கையெழுத்து வாங்கியிருப்பார்கள், பாவம், நாம் அவரை வற்புறுத்தக் கூடாது என்றார். மறுநாள் சாயங்காலம் நான் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது, கடலில் என்ன இருக்கிறது என்று தாதாவுக்கு அவரே சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, நாற்காலிகளைப் போட்டுவிட்டு எனக்காகக் காத்திருந்தார்.

அன்றிலிருந்து தினமும் அதே வேலையாகிவிட்டது. மாமா சொல்வார், நான் இந்தியில் சொல்வேன், தாதா கேட்பார். அவர் மனைவியும் அத்தையும் ஓரமாக உட்கார்ந்து, ஒரு வார்த்தைகூடப் பொதுவில் இல்லாமல், பூண்டு உரித்தபடி ஏதேதோ பேசிக்கொள்வார்கள். அவர்களுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்பட்டதே இல்லை.

எனக்குத்தான் கஷ்டம். மீன் எவ்வளவு பெரியது என்பதை மாமா கடலளவு, மலையளவு என்று வர்ணிப்பார். எனக்கு வர்ணிக்கத் தெரிந்தது தோல் மட்டும்தான். அதனால் மீனின் தோல் நல்ல கனம், கீறல் இல்லை, உண்ணி கடித்த ஓட்டை இல்லை, சுருக்கம் வயிற்றுப் பக்கம் மட்டும், ஏ கிரேடு என்று சொன்னேன். பறவையின் காலில் இருந்த செதில்கள் பெல்ட்டுக்கு ஆகும், ஷூவுக்கு ஆகாது என்றேன். பூதம் என்பதற்கு ஜார்க்கண்டுப் பெண்ணிடம் வார்த்தை கேட்க மறந்துவிட்டேன். வேறு வழியில்லாமல் படா மேனேஜர் என்றேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நிற்கிற மேனேஜர். தாதா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த ஒரு இடத்தில்தான் அவர் நிஜமாகவே பயந்தார் என்று நினைக்கிறேன்.

மீன் கதையில் ஆட்கள் அடுப்பு மூட்டி, உலை கொதித்து, மீன் கண் விழித்த இடத்தில் மாமா நிறுத்தினார்.

"ஃபிர்?" என்றார் தாதா. அப்புறம் என்று அர்த்தம்.

மாமா என்னைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

"மேல்விஷாரம் வந்துடுச்சி" என்றார்.

நான் அதை அப்படியே மொழிபெயர்த்தேன். மேல்விஷாரம் என்பது அந்தத் தீவின் பெயர் என்று தாதா எடுத்துக்கொண்டார். நாங்கள் திருத்தவில்லை.

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி மறுநாள் அத்தையிடம் சைகையில் புகார் சொன்னார். சாயங்காலம் தாதா கையில் ஒரு சுண்ணக்கட்டியோடு வந்தார். மொட்டை மாடித் தரையில் மீனை வரைந்தார். மீனின் மூக்குக்குப் பக்கத்தில் கப்பலை வரைந்தார். கப்பலின் அடியில் ஒரு கட்டம் போட்டு, அதற்குள் பனியனோடு ஒரு ஆளை வரைந்தார். அந்த ஆள் ஒரு வால்வைத் திறக்கிறான். எஞ்சினில் ஓடிய எண்ணெய்ப் பிசுக்குத் தண்ணீர் அப்படியே மீனின் மூக்கில் பாய்கிறது. மீனுக்கு அந்த நாற்றம் தாங்கவில்லை. தும்முகிறது. அந்தத் தும்மலில் முதுகில் இருந்த ஆட்கள் அத்தனை பேரும் காற்றில் பறந்து கப்பல் தளத்தில் வந்து விழுகிறார்கள். சோற்றுப் பானையும் வந்து விழுகிறது.

மாமா அந்தப் படத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"சோறு சிந்தலியா?"

கேட்டேன். மூடி போட்டிருந்தார்கள் என்றார் தாதா.

மாமாவுக்குத் திருப்தி. இத்தனை வருஷம் வாயில் அடைத்துக்கொண்டிருந்த எதையோ விழுங்கியவர் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டார். அதன்பிறகு பழைய கதைகளையெல்லாம் ஒவ்வொன்றாக மேலே கொண்டுபோய், மேல்விஷாரம்வரை சொல்லிவிட்டுக் கீழே வந்துவிடுவார். தாதா மறுநாள் முடித்துக் கொடுப்பார். எல்லா முடிவும் எஞ்சின் ரூமில்தான் நடக்கும். காந்தமலையிடமிருந்து கப்பல் எப்படித் தப்பியது? ஆணி எல்லாவற்றுக்கும் கிரீஸ் தடவிவிட்டார்கள், காந்தத்தின் பிடி வழுக்கிவிட்டது. யானையைப் பறவையிடமிருந்து எப்படிக் காப்பாற்றினார்கள்? யானையை எஞ்சின் ரூமில் வைத்துச் சூடேற்றினார்கள், பறவை காலைச் சுட்டுக்கொண்டு பறந்துவிட்டது. பாட்டுப் பாடுகிறவளை என்ன செய்தார்கள்? எஞ்சின் சத்தத்தில் எந்தப் பாட்டும் கேட்காது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தகராறு வந்தது.

ஒரு நாள் சாயங்காலம் தாதா மாடிக் கைப்பிடிச் சுவரில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஊரில் இருக்கும் பேரக் குழந்தைகளோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். வற்றல் எடுக்க மேலே போன மாமா, முறத்தோடு அப்படியே நின்றுவிட்டார். பேச்சு வங்காளியில்தான் நடந்தது. ஆனால் தாதா இரண்டு கையையும் அகல விரித்தார், பிறகு அடுப்பை ஊதினார், பிறகு ஒரு கண்ணை மெதுவாகத் திறந்து காட்டினார். அந்தக் கண் திறக்கும் ஜாடை மாமாவுடையது. அதில் சந்தேகமே இல்லை.

கீழே வந்து முறத்தைத் தொப்பென்று வைத்தார்.

"என் மீனு அது. தான் பாத்த மாதிரி நெஞ்சத் தொட்டுத் தொட்டுக் காட்டறாரும்மா" என்றார்.

அன்றிலிருந்து மேலே போவதை நிறுத்திவிட்டார். மறுநாள் தாதா நாற்காலிகளைப் போட்டுக் காத்திருந்துவிட்டு, கடைசியில் என்னிடம் விசாரித்தார். மாமாவின் மனத்தாங்கலைச் சொன்னேன். அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. முடிவு இல்லாத மீனை வைத்துக்கொண்டு என்ன செய்வது, முடிவு என்னுடையது என்று சொல்லி அனுப்பினார். மீன் இல்லாமல் தும்மல் எங்கிருந்து வரும் என்று கேட்கச் சொன்னார் மாமா. நான் கம்பெனியிலிருந்து வந்த அலுப்போடு படியேறி இறங்கிக்கொண்டிருந்தேன். மாமா, அந்த மீனும் பாய் சொன்னதுதானே என்று பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"பாய் பாதியில எறங்கிட்டாரு. பஸ்ல உட்டுட்டுப் போன பொருளுக்குக் கண்டக்டர்தான் பொறுப்பு" என்றார்.

அதோடு நிற்கவில்லை. அசல் முடிவை நேரில் கேட்டு வந்து தாதாவின் வாயை அடைத்துவிடுவது என்று கிளம்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை, துணைக்கு நான். பஸ்ஸில் சீட் காலியாக இருந்தும் உட்காரவில்லை. முன் சீட்டுக் கம்பியில் சாய்ந்து நின்றபடியே மேல்விஷாரம்வரை வந்தார்.

பாய் இப்போது வியாபாரத்தைப் பிள்ளைகளிடம் விட்டிருந்தார். ஆனாலும் குடோனில் தோல் அடுக்குகளுக்கு நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்த வாடை பழக்கம்தான். மாமா கைக்குட்டையால் மூக்கைப் பொத்துவதா, மரியாதைக்கு எடுத்துவிடுவதா என்று திண்டாடினார். பாய்க்கு ஆளை அடையாளம் தெரிந்துவிட்டது. கண்டக்டர் என்றே கூப்பிட்டு, டீ வரவழைத்தார். மாமா டீயைத் தொடவில்லை. அந்தத் தீவு மீன், அடுப்பு மூட்டியவர்கள், அவர்கள் கடைசியில் என்ன ஆனார்கள் என்று நேராகக் கேட்டார்.

பாய் வெகுநேரம் யோசித்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார்.

"முடிவா? ஏதுப்பா முடிவு? பக்கத்துல குந்துறவன் தூங்கித் தூங்கி என் தோள்மேல சாய்வான். ஜாஸ்தி பேஜார். அவன் தூங்காம இருக்கத்தான் கதை. ரத்னகிரி தாண்டுற வரைக்கும் அடுத்து இன்னா சொல்லப் போறேன்னு எனக்கே தெரியாது."

எனக்கு மாமாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பாய் டீயை ஊதிக் குடித்தார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முன்னால் குனிந்தார்.

"அது சரி, அந்த ஆளுங்க இன்னா ஆனாங்க?"

மாமாவுக்கு வேறு வழியில்லை. வால்வைச் சொன்னார், எண்ணெய்த் தண்ணீரைச் சொன்னார், தும்மலைச் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் உயர்ந்தது. சோற்றுப் பானை வந்து விழுந்த இடத்தில் எழுந்தே நின்றுவிட்டார். மூடி போட்டிருந்ததை மறக்காமல் சொன்னார். தோல் அடுக்கிக்கொண்டிருந்த ஆட்கள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அருமையான முடிவு, யார் சொன்னது என்று கேட்டார்.

மாமா ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

"எங்க மாடியில ஒரு தோஸ்த்து" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, சத்துவாச்சாரிவரை தூங்கிக்கொண்டே வந்தார். என் தோளில்தான் சாய்ந்தார்.

வீட்டுக்கு வந்தால், தாதா கீழ்ப்படியில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு எங்களுக்காக உட்கார்ந்திருந்தார். போனில் இரண்டு குழந்தைகள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தன. தாதா என்னிடம் அவசர அவசரமாக ஏதோ சொன்னார். முதலில் எனக்குப் பிடிபடவில்லை. இரண்டாம் தடவை நிதானமாகச் சொன்னார். மீனின் கண் என்ன நிறம் என்று குழந்தைகள் மூன்று நாளாகக் கேட்டுத் துளைக்கிறார்களாம். எனக்கு எப்படித் தெரியும், நான் கீழே எஞ்சின் ரூமில் அல்லவா இருந்தேன் என்று சொல்லியிருக்கிறார். மேலே நின்று எல்லாவற்றையும் பார்த்தவர் கேப்டன். அவர்தான் குழாய் வழியாகக் கீழே கத்திக் கத்திச் சொன்னார், தான் வால்வைத் திறந்தது மட்டும்தான். கேப்டன் இப்போது எங்கே என்று குழந்தைகள் கேட்டிருக்கிறார்கள். வேலூரில், அவர் வீட்டு மாடியில்தான் நாங்கள் இருக்கிறோம் என்று சொல்லிவிட்டாராம்.

நெஞ்சைத் தொட்டுக் காட்டியதன் விவரம் அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. தான் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லத்தான் தொட்டிருக்கிறார்.

நான் சொல்லி முடித்ததும் மாமா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனார். தலை வாரிக்கொண்டு, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். தாதா போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தார். குழந்தைகள் சட்டென்று அமைதியாகிவிட்டன. கேப்டனுக்குப் பஸ்ஸில் வாழ்நாள் முழுவதும் சொன்னதுதான் வாயில் வந்தது.

"படியில நிக்காத, உள்ள போ, உள்ள போ. போலாம், ரைட்!"

அந்தக் குரலைக் கேட்டு எதிர் வீட்டு நாய் எழுந்து நின்றது. குழந்தைகளுக்குப் புல்லரித்திருக்க வேண்டும். அத்தை அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து பார்த்தார், மாடிப்படியில் நின்றிருந்த தாதாவின் மனைவியைப் பார்த்தார், இருவரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கண்ணின் நிறத்தைச் சொல்லுங்கள் என்று நான் மாமாவுக்கு நினைவூட்டினேன். மஞ்சள், நடுவில் கறுப்பு, மூடித் திறக்க அரை நிமிஷம் ஆகும் என்றார். நான் இந்தியில் சொல்ல, தாதா வங்காளியில் சொல்ல, போனுக்குள் ஒரு பெருமூச்சு கேட்டது.

முழங்கால் வைத்தியம் முடிந்து அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். தாதாவின் மனைவி இப்போது வீட்டுக்குள் கோலில்லாமல் நடக்கிறாராம். வாரத்துக்கு ஒரு தடவை வீடியோ கால் வந்துவிடுகிறது. கப்பல் எங்கே நிற்கிறது என்று குழந்தைகள் கேட்டபோது, காட்பாடியில் ரிப்பேருக்கு விட்டிருக்கிறோம் என்று சொல்லும்படி மாமா சொன்னார். நான் சொன்னேன். காட்பாடியில் துறைமுகம் கிடையாது என்று தாதாவுக்கு நன்றாகத் தெரியும், அங்கேதான் ரயில் ஏறினார். ஆனாலும் வால்வு மாற்றியாகிவிட்டதா என்று கவலையோடு விசாரித்தார்.

போன மாதம் தாதாவின் மகள் பேசினார். அம்மாவை மறுபரிசோதனைக்கு அழைத்து வருகிறோம், லீவு நாள் என்பதால் குழந்தைகளும் வருகிறார்கள், மாடி அறை வேண்டும் என்றார். குழந்தைகள் கப்பலைப் பார்க்காமல் திரும்ப மாட்டோம் என்று அடம் பிடிப்பதாகவும் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை.

மறுநாளே வேலூர்க் கோட்டைக்குப் போய்விட்டார். அகழியில் முன்பு படகு விட்டுக்கொண்டிருந்தார்கள், இடையில் நிறுத்திவிட்டார்கள், மறுபடி விடப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. அங்கே காவலுக்கு இருந்த ஆளிடம் படகுகள் எல்லாம் எங்கே, எந்த நிலைமையில் இருக்கின்றன என்று தீர விசாரித்திருக்கிறார். காலால் மிதிக்கிற படகு ஒன்றுக்கு வாத்து மூஞ்சி வைத்திருக்கிறார்களாம். அது மட்டும் கழற்றிவிட்டால் பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும் என்று சாப்பாட்டு நேரத்தில் எங்களிடம் சொன்னார்.

அத்தை ரசத்தை ஊற்றிக்கொண்டே, அகழி ஆழமாச்சே, உமக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்டார்.

"கேப்டனுக்கு எதுக்கு நீச்சல்" என்றார் மாமா.